என் ரத்தம் மறக்காத பிள்ளை

பிளேட்லெட் பை மஞ்சளாக இருக்கும். துவரம்பருப்பு வெந்ததும் வடித்தெடுக்கிற தண்ணீரின் நிறம். அதைக் கம்பியில் மாட்டிவிட்டு நர்ஸ் போய்விட்டால் கொஞ்ச நேரத்துக்கு எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். கண் சொருகும். அதைத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து உத்திரமேரூர் ஏரி சென்னை ஆஸ்பத்திரிக்குள் வந்துவிடும். கட்டில்களுக்கு அடியில் தண்ணீர் அசையும். நர்ஸ் அதில் கால் நனையாமல் நடந்துபோவாள். எனக்கு அதில் ஆச்சரியமே இருக்காது.

நான் கிராமத்து அங்கன்வாடியில் பணியாளர். ஊர்வாயில் பால்வாடி டீச்சர். அதனால் கனவிலும் எனக்கு விடுமுறை கிடையாது. ஏரித் தண்ணீர் மேலேயே பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு போடுவேன். பதினேழு பிள்ளைகளுக்குப் பதினேழு தட்டு. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்த பிறகு பார்த்தால் பதினெட்டாவதாக ஒன்று உட்கார்ந்திருக்கும். தட்டு இல்லாமல், அழாமல், என்னையே பார்த்துக்கொண்டு. முகம் மட்டும் தெரியாது. இன்னொரு தட்டு எடுக்கப் போவேன், அதற்குள் பை காலியாகி மணி அடிக்கும்.

நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் வறண்டுபோகிற நோய். முதலில் கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகத் தடிப்பு வந்தது. என் புருஷன் லாரி ஓட்டுகிறவர், ஊரில் இருக்கிற நாட்களைவிட இல்லாத நாட்கள் அதிகம். அவர் அடித்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள். நானும் உடனே மறுக்கவில்லை, அவளுக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கட்டும் என்று. பிறகு பல் துலக்கினால் ரத்தம். படியேறினால் மூச்சு வாங்கியது. பரிசோதனை செய்தவர்கள் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் என் தம்பி வந்து நின்றான். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் வேலை. நெல் வேகவைக்கிற கொதிகலன் பக்கத்திலேயே நின்று நின்று ஆளும் அதே சூட்டில் இருப்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்த குரூப்.

“ஊரான் ரத்தம் எதுக்குக்கா? எவன் இன்னா துன்னுட்டு குடுத்தானோ, இன்னா சீக்கு கீதோ. நான் குத்துக்கல்லாட்டம் கீறேன் இல்ல. என்னுதத்தான் உனக்கு ஏத்தணும்” என்றான்.

ரத்த வங்கியில் கொடுத்தால் யாருக்கோ போய்விடும், தன் ரத்தம் நேராக அக்காவுக்கே போக வேண்டும் என்று அடம் பிடித்தான். அப்போது காட்டிக்கொண்டிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் இவன் தொல்லை தாங்காமல் சரி என்றார்கள். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு மூன்று முறை கொடுத்தான். ஒவ்வொரு முறையும் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் கட்டிலருகே வந்து பை காலியாகும்வரை உட்கார்ந்திருப்பான். “இப்ப பாரு, இனிமே உனக்கும் என் கோவம் வரும்” என்பான். கோபப்படுவதிலும் நான் அவனுக்கு அக்காதான் என்பதை மறந்துவிட்டான். ஆனால் அந்த ரத்தம் உள்ளே இறங்கும்போது எனக்கு இருந்த நிம்மதியை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அப்பா அம்மா போன பிறகு எங்களுக்கு என்று மிச்சம் இருந்தது அதுதானே.

மாத்திரைகள் வேலை செய்யவில்லை. சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமானவர், எதையும் இரண்டு முறை சொல்வார். இன்னொருவரின் ஸ்டெம் செல்லை எடுத்து எனக்குள் செலுத்தினால் அது எலும்புக்குள் போய்க் குடியேறிப் புதிய ரத்தம் செய்யும், என் விஷயத்தில் அது ஒன்றுதான் வழி என்றார். யாருடையது பொருந்தும் என்று பார்க்கத் தம்பியிடமும் என் பெண்ணிடமும் ரத்தம் எடுத்தார்கள். பெண்ணுக்கு எது அம்மாவிடமிருந்து வந்தது, எது அப்பாவிடமிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்காக என் புருஷனிடமும் எடுத்தார்கள். பெண் காஞ்சிபுரத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். தம்பியும் பாதிப் பொருத்தம், பெண்ணும் பாதிப் பொருத்தம் என்று முடிவு வந்தது. பாதி போதும் என்றார் டாக்டர்.

அன்றைக்கே என் விவரங்களைக் கோப்பில் எழுதும்போது கேட்டார். “எத்தனை தடவை கர்ப்பம் ஆச்சும்மா?”

“ஒரு தடவை.”

“கலைஞ்சது, தங்காம போனது ஏதாவது?”

வலது பக்கம் புருஷன், இடது பக்கம் பெண். “இல்லைங்க” என்றேன்.

இந்தக் கேள்வியை நான் எத்தனை பெண்களிடம் கேட்டிருப்பேன். எனக்கு அதற்கென்றே ஒரு பதிவேடு இருந்தது. எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் முடியாமல் கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கண் படும், நிலைக்காமல் போய்விடும் என்பார்கள். அப்படி மறைக்கிறவளை நான் அவள் வீட்டு வாசலிலேயே நின்று சண்டை போட்டுப் பதிய வைப்பேன். “சொல்லாம உட்டா மட்டும் தங்கிடுமா? மாத்திரை, ஊசி எல்லாம் யாரு குடுப்பா?” என்று கேட்பேன். ஊருக்குத்தான் உபதேசம். அந்தப் பெண்களில் ஒருத்தி அன்று அறையில் இருந்திருந்தால் என் வாயில் ஒரு அடி போட்டிருப்பாள்.

பொய் சொன்ன வாய் சும்மா இருந்தது, ரத்தம் சும்மா இருக்கவில்லை. எத்தனை பை பிளேட்லெட் ஏற்றினாலும் மறுநாள் எண்ணிக்கை ஏறவில்லை. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய மாதிரி போய்க்கொண்டிருந்தது. காய்ச்சலா, மண்ணீரல் வீக்கமா என்று தேடினார்கள். பிறகு டாக்டர் இன்னொரு பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். அது வந்த அன்று என் புருஷன் நாஷ்டா வாங்கப் போயிருந்தார். பெண் கல்லூரிக்குப் போயிருந்தாள். டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நம்ம செல் ஒவ்வொண்ணுலயும் குடும்ப அட்டை மாதிரி ஒரு அடையாளம் இருக்கும்மா. ஹெச்.எல்.ஏ.னு சொல்வோம். பாதி அம்மாவோடது, பாதி அப்பாவோடது. வெளியாளோட அடையாளம் உள்ள வந்தா சில பேரு ரத்தம் அதை எதிர்த்து ஆன்டிபாடி பண்ணி வச்சிக்கும். ரத்தம் ஏத்தினா வரலாம். கர்ப்பம் ஆனாலும் வரலாம், ஏன்னா குழந்தைகிட்ட அப்பாவோட பாதி இருக்கில்ல. அது இருக்கறவங்களுக்கு அதே அடையாளம் உள்ள ஒருத்தரோட ஸ்டெம் செல்லைக் குடுத்தா, உடம்பு அதைக் குடியேற விடாம அழிச்சிடும். அப்புறம் பழைய ரத்தமும் இருக்காது, புதுசும் இருக்காது.”

எனக்கு அந்த ஆன்டிபாடி இருந்தது, ஏற்றிய பிளேட்லெட்டை அழித்ததும் அதுதானாம். தாளில் கோடு கோடாகக் காட்டினார். தம்பியின் அடையாளத்துக்கு எதிராக மிக உயரமான கோடுகள். அவனிடமிருந்து செல் எடுப்பதை இனி நினைக்க முடியாது என்றார். செல் கொடுக்க வாய்ப்புள்ள சொந்தக்காரரின் ரத்தத்தை முன்பே ஏற்றியிருக்கவே கூடாதாம். பெண்ணின் அடையாளத்துக்கு எதிராகவும் கோடு இருந்தது, ஆனால் நடுத்தரம். சிகிச்சை செய்து அதைக் கீழே இறக்கிப் பார்க்கலாம். இறங்கினால் அவள் கொடுக்கலாம். இறங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

பிறகு அவர் விரல் இன்னொரு கோட்டில் வந்து நின்றது. “இதுதான் எனக்குப் புரியல. இது உங்க தம்பிகிட்ட இல்ல. பொண்ணுகிட்டயும் இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. உங்க பொண்ணுக்கு அவர்கிட்டயிருந்து ஒரு பாதி வந்திருக்கில்ல, இது அவரோட இன்னொரு பாதி. வேற யாரோ குடுத்த ரத்தத்தால கூட வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா கேட்கறேன். இன்னொரு குழந்தை தரிச்சுதாம்மா?”

கட்டிலுக்கு அடியில் மறுபடியும் தண்ணீர் அசைந்த மாதிரி இருந்தது. பதினாலு வருஷமாக நானும் தம்பியும் மட்டும் அறிந்த ஒன்றை ஒரு தாள் அறிந்திருந்தது. “ஆமாங்க” என்றேன்.

பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. என் புருஷன் வடக்கே சரக்கு எடுத்துப் போனால் திரும்ப இரண்டு மாதம் ஆகும். அவர் போன பிறகுதான் தரித்தது தெரிந்தது. மூன்று மாதம் முடியட்டும், அவர் நேரில் வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். பதிவேட்டில் எல்லோர் பெயரையும் எழுதியவள் என் பெயரை எழுதவில்லை. மூன்று முடிந்து நான்கு பிறந்தது. அவர் வர ஒரு வாரம் இருந்தது. போலியோ சொட்டு மருந்து நாள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பத்து வீடுகளுக்கு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரியின் உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழியாகப் போனேன். சுற்றிப் போனால் தூரம். தண்ணீர் வழிகிற கல்லில் பாசி. வழுக்கி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எழுந்துபோய்ப் பத்து வீட்டுக்கும் சொட்டு மருந்து கொடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். அன்று சாயங்காலம் வயிறு வலிக்க ஆரம்பித்தது. தம்பி பைக்கில் உட்காரவைத்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனான். விழுந்ததால்தான் குழந்தை போனது என்று சொல்ல முடியாது என்று அங்கே சொன்னார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. என்னால்தான் போனது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். யாருக்கும் சொல்லாத பிள்ளை என்பதால் யாரிடமும் போய் அழவும் முடியவில்லை. துக்கம் விசாரிக்கவும் ஒருவரும் வரவில்லை. தம்பியிடம் சத்தியம் வாங்கினேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தரிக்கவே இல்லை. இன்னொன்று வேண்டும் என்று அவர் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார். நானும் பக்கத்தில் கைகூப்பி நின்றேன்.

டாக்டர் அதைக் கோப்பில் எழுத வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றேன். தாளில் இருக்கிறதை என் புருஷன் படிப்பதற்கு முன்னால் நானே சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. சிகிச்சை தொடங்கும் முன் நான்கு நாள் வீட்டுக்குப் போய் வர விட்டார்கள். செங்கல்பட்டில் பஸ் மாறி உத்திரமேரூர் பஸ்ஸில் நானும் அவரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். முகத்தில் மாஸ்க். வெளியே நடவு முடிந்த வயல்கள் பச்சையாகப் பின்னால் ஓடின. ஓடுவது வயலா, நானா என்று தெரியாத மயக்கம். அவர் தோளில் சாய்ந்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

மூன்று நிறுத்தம் கடந்தன. பிறகு கேட்டார். “எத்தினி மாசம்?”

“மூணு முடிஞ்சி நாலு.”

“நான் எங்க இருந்தேன்?”

“நாக்பூர்னு சொன்னீங்க.”

“போன் பண்ணேனே. ஜுரம், பட்த்துக்கினு கீறேன்னு சொன்ன.” அவருக்கு அது ஞாபகம் இருந்தது. தோளை மெதுவாக விலக்கிக்கொண்டார். “உன் தம்பிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நல்லா கீது உன் நியாயம்.”

அன்றிலிருந்து அவர் என்னிடம் மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. வெந்நீர் வைத்தார், துணி துவைத்தார். வண்டிக்குப் போகவே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி விஷயத்தை முடித்திருப்பேன். அந்த மௌனம்தான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

தன் செல் ஏன் ஆகாது என்று தம்பிக்கும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. இனி பொய் வேண்டாம் என்று முடிவு செய்திருந்ததால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவன் தன் முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். “அப்ப நானே குடுத்து நானே கெடுத்துட்டேனாக்கா?” என்றான். அவன் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. நீ கொடுக்காவிட்டால் சென்னைக்குப் போய்ச்சேர நான் இருந்திருக்கவே மாட்டேன் என்றேன். அது உண்மைதான். மூக்கை உறிஞ்சிவிட்டு, “சரி, இனிமே உனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரமாட்டேன்” என்றான். பிறகு வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான்.

பெண்ணிடம் அவள் அப்பாவே சொல்லியிருந்தார், குழந்தை விஷயம் உட்பட. அவள் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, “அப்ப உள்ள இருந்தப்பவே எங்கூட சண்டை போட்டுக்கினு இருந்தியாம்மா?” என்று கேட்டாள். சிரித்தபடிதான் கேட்டாள். ஆனாலும் எனக்கு வலித்தது. சுமந்த பிள்ளையை வெளியாள் என்று எழுதிவைக்கிற உடம்பை என்னவென்று சொல்வது? “உங்கப்பனோட பாதிகூடத்தான்டி சண்டை. உங்கூட இல்ல” என்றேன். எங்கள் வீட்டில் அது புதிய செய்தி அல்ல.

சிகிச்சை தொடங்கியது. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆன்டிபாடி கலந்திருக்கும் நீரை மட்டும் பிரித்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பி ஏற்றுகிற இயந்திரம். இரண்டு வகை ஊசிகள். ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் மிதந்துகொண்டு கிடந்தேன். உதடு மரத்துப்போகும், கால் ஏரிச் சேற்றில் புதைவதுபோல இருக்கும். யாரோ என் தலைமுடியைக் கோதுவார்கள். கண் திறந்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார்.

மறு பரிசோதனை வந்தது. பெண்ணுக்கு எதிரான கோடு, போதுமான அளவுக்குக் கீழே வந்துவிட்டது. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு தாளைத் திருப்பி, “இந்த ஒண்ணு மட்டும் இறங்காம நிக்குது. அந்த இன்னொரு பாதி. இதால பொண்ணோட செல்லுக்கு எந்தக் கெடுதலும் இல்ல. விட்டுடலாம். புது செல் புடிச்சு வளர்ந்ததும், பழைய ரத்தம் ஞாபகம் வச்சிருந்ததெல்லாம் மெல்ல மெல்ல போயிடும்” என்றார்.

“எதும்மா அது?” என்று என் புருஷன் கேட்டார். டாக்டர் காட்டினார். என் புருஷன் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

பெண்ணிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல் ஒரு சின்னப் பையில் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. அது இறங்க ஆரம்பித்ததும் நான் தூங்கிவிட்டேன். அடுத்த வாரங்கள் காய்ச்சலிலும் வாய்ப்புண்ணிலும் கரைந்தன. இரவா பகலா என்று தெரியவில்லை. ஒருநாள் காலையில் நர்ஸ் வந்து எண்ணிக்கை ஏறுகிறது என்றாள். மறுநாளும் ஏறியது. பிழைத்துக்கொள்வேன் போலிருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, அத்தனை பேரை அழவிட்டதற்கு.

ஒரு வருஷம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். என் எலும்புக்குள் இப்போது ஊறுவது முழுக்கப் பெண்ணின் ரத்தம் என்றார் டாக்டர். ஆன்டிபாடி அறிக்கையை எடுத்தார். ஒரு கோடும் இல்லை. “சுத்தமா இருக்கு” என்றார். வெளியே வந்ததும் தம்பி அதற்குள் லட்டு டப்பாவைத் திறந்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். பெண் போனில் தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் புருஷன் மட்டும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். விரல் அந்த வெறும் தாளில் மேலும் கீழும் தேடியது.

“அதுவும் பூட்ச்சா?” என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். அவர் அங்கேயே, பட்டப்பகலில், ஆள் நடமாடுகிற நடைபாதையில் தரையில் உட்கார்ந்து தாளை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பிள்ளைக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.